தவில் வாசித்த என் நண்பனும் அவன் விட்டுப்போன குரலும்

கும்பகோணம் பக்கம் மைக்செட் வாடகைக்கு விடுவதும் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்வதும்தான் என் தொழில். இந்தத் தொழிலால் எனக்கு ஒரு நண்பன் கிடைத்தான். தவில் வித்துவான். போன கார்த்திகையில், முகூர்த்தங்கள் வரிசைகட்டி நிற்கிற நேரத்தில், 54 வயதில் போய்விட்டான். பெயர் போட்டு எழுத அவன் வீட்டாருக்கு இன்னும் மனசு வரவில்லை, அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன், எங்கள் பக்கத்தில் மேளம் கேட்கிறவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும்.

அவனைப் பற்றி எழுத வேண்டும் என்பது ஒன்று. அவன் போன பிறகு அவன் மனைவி, மகன், மாணவர்கள், நான் எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு வேலையாகச் செய்துகொண்டு வந்ததில் நிறைய விஷயம் தெரியவந்தது, அது மற்ற கலைஞர் வீடுகளுக்கும் உதவும் என்பது இன்னொன்று. இரண்டும் கலந்துதான் வரும்.

முதலில் அவன் வாசிப்பு. தவில் என்றாலே வேகம், சத்தம், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பத்து நிமிஷம் உருட்டி எடுப்பது, கூட்டம் கை தட்டுவது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அவனுக்கும் அது வரும், வந்தால் மண்டபமே நிமிர்ந்து உட்காரும். ஆனால் நாயனக்காரர்கள், அதாவது நாதஸ்வரம் வாசிக்கிறவர்கள், அவனைத் தேடி வந்ததற்குக் காரணம் வேறு. கீர்த்தனையில் சாகித்தியம், அதாவது பாட்டின் வரி, எங்கே நீள்கிறது, எங்கே சொல் பிரிகிறது என்று தெரிந்து வாசிப்பான், ராக ஆலாபனை நடக்கும்போது வலது கையை வலந்தலை (விரலால் வாசிக்கிற பக்கம்) மேல் வைத்துக்கொண்டு சும்மா இருப்பான். அந்தச் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாயனம் வாசிக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கோயில் புறப்பாட்டில், சுவாமி கிளம்பும்போது நாயனத்தில் வாசிக்கிற மல்லாரிக்கு முன் தவிலில் அலாரிப்பு என்று ஒரு தொடக்கம் வாசிப்பார்களே, அதை அவன் அவசரமே இல்லாமல் தொடங்குவான். அப்புறம் கம்பீரநாட்டை ராகத்தில் நாயனம் சேரும்போது, சுவாமி தூக்குகிறவர்களின் கால்களே அந்த நடைக்கு வந்துவிடும். 2016 மகாமகத்தில் தீர்த்தவாரிக்கு சுவாமிகள் புறப்பட்ட அன்று விடிகாலையிலிருந்து வாசித்தான், நான் பக்கத்து வீதியில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன், அத்தனை லட்சம் ஜனங்களின் இரைச்சலுக்குள்ளும் அது அவன் கைதான் என்று எனக்குத் தெரிந்தது.

நாங்கள் நண்பர்களானது சண்டையில். ஒரு கல்யாண மண்டபத்தில் நான் தவிலுக்கு ஒட்டி மைக் வைத்தேன், அவன் எழுந்து வந்து மைக் ஸ்டாண்டைத் தூக்கி ஒரு ஓரமாக வைத்துவிட்டு, "தவிலுக்கு எதுக்குடா மைக்கு, சாப்பிடுற ஜனம் காதைப் பொத்திக்கிட்டுச் சாப்பிடணுமா?" என்று கேட்டான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். வலந்தலைச் சத்தம் கூரையில் அடித்துத்தான் நிறையும், தொப்பி, அதாவது கழியால் அடிக்கிற பக்கத்துச் சத்தம் தரையோடு போகும், ஒரே மைக்கை ஒரு பக்கம் ஒட்டி வைத்தால் பாதித் தவில்தான் கேட்கும், இரண்டுக்கும் எதிரே நாலைந்து அடி தள்ளி வை, நாயனத்துக்குக் கொடுப்பதில் பாதி கொடு, போதும். இன்றைக்கும் இதை அப்படியேதான் செய்கிறேன்.

அவன் உடம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் இருக்கிற பலருக்கு இதே உடம்புதான். ராத்திரி முழுக்க ஊர்வலம், விடியற்காலை முகூர்த்தம், நேரம் தவறிய சாப்பாடு, சாப்பிட்டால் கல்யாணச் சாப்பாடு, வெறுங்காலோடு கோயில் கருங்கல்லில் மணிக்கணக்காக நிற்பது. சர்க்கரை பல வருஷமாக இருந்தது. மாத்திரை போட்டுக்கொள்வான், முகூர்த்த நாட்களில் விட்டுவிடுவான். தோளில் வாரை மாட்டித் தவிலைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தே பழகியவனுக்குத் தோள்வலி என்பது தினப்படி விஷயம், இரும்பு வளையமும் போல்ட்டும் வந்த பிறகு தவில் கனம் கூடிவிட்டது என்று அவனே சொல்வான். அந்த ராத்திரியும் தோள் இழுக்கிறது என்றுதான் சொன்னான். மேல்வயிறு அடைக்கிறது, வாயு என்று சோடா குடித்தான். வியர்த்தது. தைலம் தேய்த்துவிட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் கார் பிடித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும்போது முடிந்துவிட்டது.

பிறகு ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். சர்க்கரை நாள்பட்டு இருப்பவர்களுக்கு நரம்புகள் மரத்துப்போவதால் மாரடைப்பு நெஞ்சைப் பிடிக்கும் வலியாக வரவேண்டும் என்றில்லை. தோள், தாடை, முதுகு, மேல்வயிறு, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, மூச்சிறைப்பு, எப்படியும் வரலாம். தவில்காரனுக்குத் தோள்வலி வந்தால் யாருமே இதயத்தை நினைக்க மாட்டார்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அதனால் இதைப் படிக்கிற மேளக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்: தோள்வலியோடு வியர்வையும் சேர்ந்தால் தைலத்தை எடுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போங்கள், 2023-லிருந்து 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தில் மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவர்களுக்கு அங்கேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை, ஆடியிலோ மார்கழியிலோ, கல்யாணம் இல்லாத மாதத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈசிஜி, பாதம் எல்லாம் பார்த்துவிடுங்கள். பாதத்தைச் சேர்த்துச் சொல்வது சும்மா இல்லை, வெறுங்காலில் நிற்கிற சர்க்கரைக்காரருக்கு உணர்ச்சியில்லாத பாதத்தில் சின்னக் கொப்புளம்கூடப் பெரிய புண்ணாகிவிடும்.

சாவு வீட்டில் தவில் ஒலிக்கவில்லை. மங்கள வாத்தியம், எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. அவனோடு வாசித்த நாயனக்காரர்களும் தவில்காரர்களும் நிறையப் பேர் வந்து தெருவில் சும்மா நின்றார்கள். ஜோடித் தவிலாக இருபது வருஷம் கூட வாசித்த அண்ணன் ஒருவர் தன் தொடையில் ஏதோ விரல் ஓட்டிக்கொண்டே இருந்தார், நிறுத்த முடியவில்லை அவரால்.

காரியம் முடிந்த மறுநாளே முதல் பிரச்சினை வந்தது. அவன் டைரி. தை, மாசி, பங்குனி முகூர்த்தங்கள் அதில் நிரம்பியிருந்தன, பாதிக்கு மேல் அச்சாரம் வாங்கியிருந்தான். சில இடத்தில் தொகை எழுதியிருந்தது, சில இடத்தில் ஊர் பெயரும் ஒரு டிக் அடையாளமும் மட்டும். மேளக்காரர்கள் தொழில் முழுக்க வாய்க்கணக்கில் ஓடுகிறது, செட் தலைவர் நாயனக்காரராக இருந்தால் அவரிடம் கணக்கு இருக்கும், அவனே நேரடியாக ஒத்துக்கொண்ட கச்சேரிகளுக்கு அவன் மண்டைக்குள்தான் கணக்கு. நாங்கள் செய்தது இதுதான்: டைரியில் இருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் அவன் மகன் பேசி, அப்பா போய்விட்ட விஷயத்தைச் சொல்லி, அதே தேதிக்கு இன்ன வித்துவான் வருவார், சம்மதமா, இல்லை அச்சாரத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டான். ஒரு வீட்டைத் தவிர எல்லாரும் மாற்று ஆளை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்ட இடங்களுக்குப் போன தவில்காரர்கள், வாங்கிய அச்சாரத்தைத் தங்கள் சம்பளத்தில் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் வாங்கினார்கள், குடும்பத்திடம் யாரும் கேட்கவில்லை. இந்த மனிதர்களைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.

நீங்கள் கலைஞராக இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். டைரியில் தேதிக்கு நேராக ஊர், யார் பேசியது, மொத்தம் எவ்வளவு, அச்சாரம் எவ்வளவு, செட்டில் யார் யார், இவ்வளவும் எழுதுங்கள், மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். வரவேண்டிய பாக்கியையும் எழுதுங்கள். அவனுக்கு வரவேண்டியது எவ்வளவு என்று இன்று வரைக்கும் முழுசாகத் தெரியாது, தானாக வந்து கொடுத்தவர்கள் கொடுத்தார்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் தொல்லை இல்லை. பெயர், அப்பா பெயர், இனிஷியல் எல்லாம் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று சான்றிதழில் பாருங்கள். மேடைப் பெயர் ஒன்று, ஆதார்ப் பெயர் ஒன்று என்று இருக்கிற கலைஞர்கள் நிறைய, பின்னால் எல்லா இடத்திலும் அது இடிக்கும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம், வட்டாட்சியர் அலுவலகம் தரும். அம்மா உயிரோடு இருந்தால் அவர் பெயரும் அதில் வரவேண்டும், மனைவி பிள்ளைகளோடு தாயும் இந்து வாரிசுச் சட்டப்படி முதல் நிலை வாரிசு. பலபேர் இதை மறந்து பிறகு திருத்த அலைகிறார்கள். அவன் செல்போனில் பணம் அனுப்பும் ஆப் திறந்திருக்கிறது என்பதற்காக அதிலிருந்து பணத்தை எடுக்காதீர்கள், வங்கிக்குத் தெரிவித்து நாமினி வழியாகவோ வாரிசுச் சான்று வைத்தோ வாங்குவதுதான் பின்னால் வம்பில்லாதது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினர் அட்டை இருந்தால் இறப்பு உதவி கேட்கலாம், ஆனால் அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். அவன் அட்டை பீரோவில் இருந்தது, காலாவதியாகி. உங்கள் அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

சரி, இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தவில்காரன் போனால் அவன் கை போய்விடுகிறது. அதில் எதைக் காப்பாற்ற முடியும்?

அவன் வாசிப்பு எங்கேயெல்லாம் பதிவாகியிருக்கும் என்று தேட ஆரம்பித்தோம். கல்யாண வீடியோக்களில் இருக்கும் என்று எல்லாரும் நம்பினோம், முப்பது வருஷமாக எத்தனை கல்யாணம் வாசித்திருப்பான். ஊர் ஊராகக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அவன் உட்கார்ந்திருக்கிறான், கை ஓடுகிறது, நாயனக்காரர் கன்னம் உப்புகிறது, ஆனால் கேட்பது சினிமாப் பாட்டு. எடிட்டிங்கில் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். கெட்டிமேளம் ஒன்றுதான் பல கேசட்டில் மிஞ்சியிருக்கிறது, அதுவும் அரை நிமிஷம், அதன் மேலேயே 'மாங்கல்யம் தந்துனானேனா'. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு பணம் செலவழித்து நல்ல மேளம் வைக்கிறார்கள், அந்த மேளத்தின் சத்தம் மட்டும் அந்தக் கல்யாணத்திலிருந்து அழிக்கப்படுகிறது. வீட்டில் கல்யாணம் வைப்பவர்களே, வீடியோ எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மேளம் வாசிக்கும் பகுதிகளின் அசல் ஒலியை அப்படியே ஒரு தனிப் பிரதியாகக் கொடுங்கள் என்று. எடிட் செய்யாத மூலப் பதிவை ஹார்ட் டிஸ்கில் கேட்டு வாங்குங்கள். அதற்கு அவர்களுக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது.

நீங்களே பதிவு செய்வதானால் தவிலுக்கு செல்போனை மிக அருகில் நீட்டாதீர்கள், சத்தம் தாங்காமல் உடைந்து 'கரகர' என்று வரும், அதைப் பின்னால் யாராலும் சரிசெய்ய முடியாது. பத்து பதினைந்து அடி தள்ளி, ஆட்கள் தலைக்கு மேலே வரும் உயரத்தில், மண்டபத்து ஸ்பீக்கரைப் பார்க்காத பக்கமாக வையுங்கள். கையடக்க ரெக்கார்டர் இருந்தால் ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிட்டு, உச்சச் சத்தம் சிவப்புக்குப் போகாதபடி நிறைய இடம் விட்டு அளவை வைக்க வேண்டும். ஆலாபனையில் சத்தம் குறைவாகத் தெரிகிறதே என்று ஏற்றிவிட்டால் தீர்மானத்தில், அதாவது தவில் உச்சத்தில் முடிக்கிற இடத்தில், எல்லாம் போய்விடும்.

அப்புறம் கேசட்டுகள். அவன் வீட்டுப் பரணில் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருந்தது, கோயில் கச்சேரிகள், அவன் குருநாதர் வாசித்தது, ரேடியோவில் பிடித்தது. பழைய கேசட்டை எடுத்ததும் பிளேயரில் போடாதீர்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்து நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள், வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை, அதைத் தனியே வையுங்கள், மற்றதோடு சேர்ந்தால் பரவும். நாடாவை அமுக்கிப்பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்திருக்கும், ஸ்க்ரூ போட்ட கூடாக இருந்தால் கழற்றி, நல்ல கூட்டுக்கு நாடாவை மாற்றலாம். ஒருமுறை முழுக்க ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகுதான் பதிவு. ஒவ்வொரு கேசட்டுக்கும் நடுவில் பிளேயரில் நாடாவைத் தொடும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். ஸ்பீக்கருக்கு எதிரே செல்போனை வைத்துப் பதிவு செய்வது வீண் வேலை, லைன் அவுட்டிலிருந்து ஒயர் போட்டுக் கணினிக்கு எடுங்கள், ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் கோப்பாக வையுங்கள், பகிர மட்டும் எம்பி3. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், இது இசைக்காரர் வீட்டுக் கேசட்டுகளுக்கு முக்கியம். பழைய பிளேயரில் பெல்ட் தளர்ந்திருந்தால் நாடா மெதுவாக ஓடும், சுருதி இறங்கிவிடும், காலப்பிரமாணமும், அதாவது வாசிப்பின் வேகமும், போய்விடும். கேசட்டில் இருந்த நாயனம் இரண்டு கட்டை சுருதி என்று அவனோடு வாசித்தவர்களுக்குத் தெரியும், தம்பூரா ஆப்பில் இரண்டு கட்டையை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து வேகத்தைச் சரிசெய்தோம். அப்படிச் சரிசெய்த பிறகு ஒரு மல்லாரி கேட்டபோது ஜோடித் தவில் அண்ணன், "ஆங், இதுதான் அவன் நடை" என்றார். அதுவரை கேட்டதில் அவருக்கு அவன் தெரியவில்லை.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததையெல்லாம் மாணவர்கள் கேட்டார்கள், அழுதார்கள். ஆனால் அவற்றிலிருந்து கற்றுக்கொள்ள முடிந்தது கொஞ்சம்தான். தவில் தனி வாசிப்பில் வேகமாக ஓடும்போது எந்த விரல், எந்தச் சொல், எங்கே கார்வை (சொல்லுக்கு நடுவில் விடுகிற இடைவெளி) என்று பதிவைக் கேட்டுப் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கஷ்டம். அவனே இதை ஒருமுறை சொல்லியிருக்கிறான். தவில் மேதைகளான நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியையும் கும்பிட்ட பரம்பரை அவனுடையது. தட்சிணாமூர்த்தி 1975-ல் போனார், வயது 42 கூட நிரம்பவில்லை. அவர் வாசித்த பதிவுகளைப் போட்டுப் போட்டுக் கேட்பான், கேட்டுவிட்டு, "வாசிச்சது கிடைக்குதுடா, உட்கார்ந்து ஒரு பையனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தாருன்னு ஒரு நிமிஷம் கிடைச்சா என் சொத்தை எழுதி வைப்பேன்" என்பான்.

அவன் சொல்லிக் கொடுத்தது கிடைத்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. 2020-ல் ஊரடங்கு போட்டபோது சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் போய்விட்டன, கோயில்கள் மூடிக்கிடந்தன, பையன்களும் வீட்டுக்கு வர முடியவில்லை. அப்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பாடம் அனுப்ப ஆரம்பித்தான். தவில் இல்லை, வாயால் சொற்கட்டு, தொடையில் தாளம். தகிட, தகதிமி, தகதகிட என்று ஆரம்பப் பாடத்திலிருந்து பெரிய கோர்வைகள் வரைக்கும், நடுநடுவே "இங்க அவசரப்படாதே", "இதை நாயனக்காரர் மூச்சு எடுக்குற இடத்துல வாசி", "இது எங்க வாத்தியார் சொன்னது, மாத்தாதே" என்று. ஊரடங்கு முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை, கச்சேரிக்குப் போகிற பஸ்ஸிலிருந்துகூட அனுப்பியிருக்கிறான்.

மகன் அந்த செல்போனை எக்ஸ்சேஞ்ச் போட இருந்தான். மாணவன் ஒருவன்தான் தடுத்தான். இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்: போனவருடைய போனை விற்காதீர்கள், அழிக்காதீர்கள், திறக்கும் எண் தெரிந்தால் எழுதி வையுங்கள். சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள், 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு துண்டிக்கப்பட்டு எண் வேறொருவருக்குப் போக வழியுண்டு. வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் இணையத்தோடு சேராமல் கிடந்தால் அழிக்கப்படலாம். குரல் பதிவுகள் ஆண்ட்ராய்டு போனுக்குள் வாய்ஸ் நோட்ஸ் என்ற தனி ஃபோல்டரில் இருக்கும், கோப்புப் பெயரில் தேதியும் வரிசை எண்ணும்தான் இருக்கும், யாருக்கு அனுப்பியது என்று இருக்காது. அதனால் அவன் போனிலிருந்து எடுப்பதோடு நிற்காமல் ஒவ்வொரு மாணவனின் போனிலிருந்தும் அந்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வாங்கினோம், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பது அப்போதுதான் தெரிகிறது. போன் மாற்றியதில் தொலைத்த பையன்களும் உண்டு. பெண் பிள்ளை ஒருத்தி, தவில் கற்றுக்கொள்ள வந்த ஒரே பெண், ஒன்றுகூட விடாமல் வைத்திருந்தாள்.

அந்தப் பதிவுகளில் ஒன்று எங்களைப் பல நாள் அலைக்கழித்தது. ஆதி தாளத்தில் ஒரு சின்ன மோரா, அதாவது ஒரு சொல்லை மூன்று தடவை சொல்லி முடிக்கிற முடிப்பு. எட்டு மாத்திரை (தாளத்தில் எண்ணுகிற சின்ன அளவு) கொண்ட சொல் மூன்று தடவை, நடுவில் இரண்டு இடத்தில் நாலு நாலு மாத்திரை கார்வை, மொத்தம் 32, ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, சரியாக நிற்க வேண்டும். பையன்கள் கேட்டுக் கேட்டு எழுதியதில் நாலு மாத்திரை குறைகிறது. இரண்டாவது சொல் முடிந்ததும் பின்னால் டம்ளர் சத்தம், அவன் "வச்சிட்டுப் போ" என்கிறான், உடனே மூன்றாவது சொல் தொடங்குகிறது. மனைவி காபி கொண்டுவந்து இடையில் நின்றதால் தாளம் தப்பிவிட்டது, பிறகு தொடர்ந்திருக்கிறான் என்று பையன்கள் முடிவுகட்டி, அந்த இடத்தை வெட்டிவிட்டு எண்ணியிருக்கிறார்கள். அந்தப் பெண் பிள்ளை வெட்டாத பதிவைப் போட்டுக் கையால் தாளம் போட்டுக் காட்டினாள். "வச்சிட்டுப் போ" என்பதே அந்த நாலு மாத்திரைக்குள் அடங்கியிருக்கிறது. காபி வாங்கி வைக்கச் சொன்னதுகூடக் கார்வைக்குள்தான். அவன் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், "எப்பவுமே அப்படித்தான் அண்ணே, நான் பேசினா தாளம் முடியுற வரைக்கும் பதில் வராது" என்றார்கள், சொல்லிச் சிரித்தார்கள், அவன் போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் ஊரில் வயதான தவில்காரரோ நாயனக்காரரோ கூத்து வாத்தியாரோ இருந்தால் கச்சேரியைப் பதிவு செய்வது நல்லது, ஆனால் அவர் சொல்லிக் கொடுப்பதைப் பதிவு செய்வது அதைவிட அவசரம். திண்ணையில், பையன் தப்பு செய்யும்போது, அவர் திருத்தும்போது. போனை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடுங்கள், கேள்வி கேட்டுப் பேட்டி எடுக்காதீர்கள், பேட்டி என்றால் அவர்கள் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பட்டம் வாங்கிய கதையைத்தான் சொல்வார்கள். அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், யாரிடம் கொடுக்கலாம், பொதுவில் போடலாமா என்பதையும் அவர் குரலிலேயே ஒரு வரி சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பின்னால் மாணவர்களுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் மனக்கசப்பு வராமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.

தவில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டு வைத்திருந்தான், இரண்டும் பலாக்கட்டை. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், வாசிக்கவில்லை, ஆனால் விற்கவும் மனசில்லை. தவில் வேலை செய்கிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். வாசிக்காமல் மாதக்கணக்கில் வைப்பதானால் இறுக்கத்தைத் தளர்த்தி வை, ஈரச் சுவரில் சாய்க்காதே, துணிப்பையில் போட்டு மாதம் ஒருமுறை எடுத்துக் காற்றாட வை, தோலைப் பூச்சி தின்னும் என்றார், எல்லாம் சொல்லிவிட்டு, வாசிக்கிறவன் கையில் கொடுத்துவிட்டால் இது ஒன்றுமே தேவையில்லை என்றார். ஒன்றை அந்தப் பெண் பிள்ளைக்கும் இன்னொன்றை மூத்த மாணவனுக்கும் கொடுத்திருக்கிறார்கள், தானமாக இல்லை, வாசிக்கும் வரை வைத்துக்கொள், நிறுத்தினால் திருப்பிக் கொடு என்ற பேச்சில். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம். பூவரசங் கழிகளும் அவர்களிடம் போயின. விரல் கூடுகள் மட்டும் ஒரு பவுடர் டப்பாவில் வீட்டிலேயே இருக்கின்றன. துணியும் பசையுமாகச் சுற்றிச் சுற்றிக் காயவைத்து அவன் விரலுக்கென்றே செய்தவை, வேறு யார் விரலிலும் உட்காராது. மாணவன் போட்டுப் பார்த்தான், சுண்டு விரலில் மட்டும் நின்றது.

இப்போது குரல் பதிவுகளைத் தாளம் வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். ஆதி முடிந்தது, ரூபகம் பாதி, மிச்ர சாபுவில் ஒன்று இரண்டு பதிவுகள் இன்னும் பிடிபடவில்லை, ஜோடித் தவில் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து கேட்கிறார், தலையை ஆட்டுகிறார், மறுபடி போடு என்கிறார். பரண் பெட்டியில் இன்னொன்று அப்படியே இருக்கிறது. மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் 1995-க்குப் பிறகு உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மேளம் வாசித்த வீடியோ கேசட், அசல் சத்தத்தோடு, யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் அவன் இல்லாவிட்டாலும் வேறு ஒருவர் இருப்பார்.